பத்தொன்பது பிணங்களும் ஒரு டீக்கடைக்காரரும்

தீர்த்தகிரி இதுவரை பத்தொன்பது முறை செத்திருக்கிறார். செங்கத்தில் லாரி மோதி, காட்பாடியில் பாம்பு கடித்து, ஏலகிரி அடிவாரத்தில் பங்காளி வெட்டி, மற்றபடி பெரும்பாலும் நெஞ்சுவலியில். அந்த லாரியையோ பாம்பையோ அவர் பார்த்ததில்லை. எல்லாம் நடந்து முடிந்த பிறகு, மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பதுதான் அவர் வேலை.

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். இரண்டு ஏக்கரில் சாமை, பதினோரு புளியமரம், ஒரு ஜோடி மாடு. இவை போக அவருக்கு இன்னொரு தொழில் உண்டு. மலையில் எந்த ஊரில் திருவிழா வைத்தாலும் கூத்தில் கட்டியங்காரன் அவர்தான். கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற வேஷம் அது. ஆனால் போட்டவன் சிரிக்கக்கூடாது. எதிரே முந்நூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாலும், "நான் இன்னா சொல்லிட்டேன்?" என்று விழித்துக்கொண்டு நிற்க வேண்டும். பதினாறு வயதிலிருந்து அப்படி நின்று பழகிய முகம் அவருடையது.

அந்த முகத்தால்தான் பிணமானார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு மலைமேல் ஏதோ படப்பிடிப்பு நடந்தது. தீர்த்தகிரி தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டிருந்தார். பிணமாகப் படுக்கவைத்த ஆள், எறும்பு கடித்து மூன்று தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டார். துணை நடிகர்களைப் பிடித்துத் தரும் ஏஜென்ட் காசி சுற்றுமுற்றும் பார்த்து இவரைப் படுக்கச் சொன்னார். ஒரு கட்டெறும்பு புருவத்தில் ஏறி மூக்கைத் தாண்டி உதட்டோரமாக இறங்கிப் போனது. தீர்த்தகிரி அசையவில்லை. அன்றிலிருந்து சாவு வீட்டுக் காட்சி என்றால் காசி முதலில் அவருக்குத்தான் போன் போடுவார்.

மனைவி மாதம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வரும்போது வாசலில் தண்ணீர்க் குடங்களோடு நிற்பாள்.

"ஒரு கொடம் போதாதா?" என்று முதல் தடவை கேட்டார்.

"பொணமா கெடந்ததும் நீ, சாவு வூட்டுக்குப் போய்ட்டு வந்ததும் நீ. ரெண்டு கொடம் ஊத்திக்கினு உள்ள வா."

தீர்த்தகிரிக்கு ஆசை வேறாக இருந்தது. கேமராவுக்கு முன்னால் ஒரு தடவை வாயைத் திறந்து பேச வேண்டும். காசியிடம் சொல்லிப் பார்த்தார். "உனக்கு நல்லா வர்றது எதுவோ அதச் செய் தீர்த்தகிரி" என்றுவிட்டார் காசி.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிணமாக நடித்தவர் எழுந்ததும் அவரைச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்துவிடுவார்கள். சாவோடு நிறுத்தினால் அந்த ஆளுக்கு ஆகாது என்று ஒரு பயம். அந்த ஷாட் எந்தப் படத்திலும் வராது. மற்றவர்கள் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தீர்த்தகிரி அந்த ஐந்து விநாடியை வீணாக்கியதில்லை. பத்தொன்பதாவது சாவில், பாடையில் எழுந்து உட்கார்ந்தவர், பக்கத்தில் கிளிசரின் போட்டு அழுதுகொண்டிருந்த அம்மாளைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, காலைலேர்ந்து அழுவுறியே. எம்பேரு இன்னான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

அந்தத் துண்டு ஆறு மாதம் கழித்து அருணா என்ற பெண்ணின் கண்ணில் பட்டது. அவர் ஒரு இணையத் தொடரில் இணை இயக்குநர். எடிட்டிங் அறையில் வேறு எதையோ தேடும்போது பார்த்தாராம். திரும்பத் திரும்ப நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் காசிக்குப் போன் செய்தார். டீக்கடைக்காரர் வேஷம். இரண்டு காட்சி. இரண்டிலும் வசனம்.

"பொணம் இல்லியே?" என்று மாதம்மாள் மூன்று தடவை கேட்டாள். "அப்ப நானும் வர்றேன்."

புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் திருப்பத்தூர், அங்கிருந்து வேலூர், பிறகு டவுன் பஸ் பிடித்துக் கணியம்பாடி. முந்தின நாளே கிளம்பி வேலூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் ஏழு மணிக்குப் போய் நின்றார்கள். ரோட்டோரம் நிஜமான டீக்கடை ஒன்றையே வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

காட்சி இதுதான். பெண் வீட்டிலிருந்து ஒருவர், மாப்பிள்ளைப் பையன் எப்படி என்று டீக்கடையில் விசாரிக்க வருகிறார். கடைக்காரர் பையனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்: "தங்கமான பையன்ங்க. காலைல ஆறு மணிக்கு என் கடைல வந்து ஒக்காந்தா, சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பான். இந்தக் காலத்துல யாருக்குங்க அவ்ளோ பொறுமை?"

முதல் டேக்கில் தீர்த்தகிரி அதைச் சொன்னதும் லைட் பிடித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். ஒலிப்பதிவு செய்பவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். அங்கேயே குரலைப் பதிவு செய்கிற முறை அது. இருமினால்கூட ஷாட் வீண். "யாராவது சிரிச்சீங்கன்னா வெளிய போய்டுங்க" என்று இயக்குநர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தீர்த்தகிரிக்கு அங்கேதான் கால் வழுக்கியது.

கூத்தில் அவர் ஒன்றைச் சொல்வார். சிரிப்பு எழும். அது ஏறி, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும்போது அடுத்ததைப் போடுவார். அந்தச் சத்தம்தான் அவருக்குத் தாளம். இங்கே இருபத்தைந்து பேர் உதட்டை மடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது டேக்கில், வராத சிரிப்புக்காகக் காத்து நின்றார். மூன்றாவதில் பயந்துபோய் வேகமாகச் சொன்னார். நான்காவதில், கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையோ என்று குரலை உயர்த்தினார்.

"அண்ணே, கத்தாதீங்க. அவரு ஒரு அடி தள்ளித்தான் ஒக்காந்திருக்காரு" என்றார் இயக்குநர்.

ஒன்பது டேக் ஆயிற்று. இயக்குநர் காசியைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். காசி போனை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காத தீர்த்தகிரி. வேலூர்ல வெற்றிச்செல்வன்னு ஒருத்தர். மேடை நாடகம்லாம் நெறய பண்ணவரு. வரச் சொல்லிட்டாங்க. அவர் வர்றதுக்குள்ள இன்னும் ஒரு தபா பாப்பாங்களாம்." தோளில் தட்டினார். "சரிவரலன்னாலும் கவலப்படாத. வெள்ளிக்கெழம ஒரு சாவு சீன் இருக்குது."

தீர்த்தகிரி வேப்ப மரத்தடிக்குப் போனார். மாதம்மாள் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்று விட்டால் காசி இனி வேறு எதற்கும் கூப்பிடமாட்டார் என்று அவருக்குத் தெரிந்தது. இருபதாவது, முப்பதாவது என்று எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான்.

"இன்னாத்துக்கு அப்பிடிக் கத்துற?" என்றாள் மாதம்மாள். "மாடு ஓட்டற மாதிரி."

"ஒருத்தர்கூட சிரிக்க மாட்டேங்கறாங்களே."

"நான் எப்போ சிரிச்சேன்?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"வூட்ல எங்கிட்ட சொல்லுவியே, அப்ப நான் சிரிச்சிருக்கேனா? புளி கொட்ட எடுத்துக்கினு இருப்பேன். நீ பாட்டுக்குச் சொல்லுவ. நல்லாத்தான் சொல்லுவ."

அது உண்மை. மேடையேறிய ஒவ்வொரு வேடிக்கையும் முதலில் அவள் காதில்தான் விழும். அவள் சிரித்ததே இல்லை. கையில் இருக்கும் வேலை ஒரு நொடி நின்றால் அது நன்றாக இருக்கிறது என்று பொருள். நிற்காவிட்டால் அவர் அதை மேடைக்குக் கொண்டுபோக மாட்டார். இருபத்து நான்கு வருஷமாக அவர் பயிற்சி எடுத்ததே சிரிக்காத ஒரு முகத்துக்கு முன்னால்தான்.

எழுந்து போய் அருணாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், எங்க வூட்டுக்காரம்மா அந்த கேமராகிட்ட நிக்கலாமா?"

ஒலிப்பதிவுக்காரர் முகம் சுளித்தார். "அந்தம்மா சிரிச்சிட்டா?"

"அது சிரிக்காது சார். கல்யாணம் ஆனதுலேர்ந்து சிரிக்கல."

யூனிட் மொத்தமும் சிரித்தது. அருணாவும் சிரித்துக்கொண்டே மாதம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, கேமராவுக்கு இரண்டடி பக்கத்தில் நிறுத்தினார். மாதம்மாள் கேரியரைக் கீழே வைக்க மறுத்துவிட்டாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தையில் விலை கேட்கிறவளைப் போலக் கணவனைப் பார்த்தாள்.

தீர்த்தகிரி டீ ஆற்றினார். எதிரே இருந்தவர் பையனைப் பற்றிக் கேட்டார். இவர் நிமிராமல், டீயின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே, வீட்டில் அடுப்படியில் பேசுகிற குரலில் சொன்னார். "தங்கமான பையன்ங்க." கிளாஸை வைத்தார். காலை ஆறு மணியைச் சொன்னார், சாயந்தரம் ஆறு மணியைச் சொன்னார். பொறுமைக்கு வந்தபோது நிஜமாகவே அந்தப் பையனை நினைத்து மனம் உருகியவர்போல ஓரக்கண்ணால் பார்த்தார். மாதம்மாள் கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றப் போனவள், பாதியில் நிறுத்தியிருந்தாள்.

"கட்" என்று சொல்லிவிட்டு இயக்குநர் சிறிது நேரம் மானிட்டரையே பார்த்தார். "ஓக்கே. அண்ணே, இதேதான். மத்தியானம் ரெண்டாவது சீன்."

இப்போதுதான் எல்லோரும் சேர்த்து வைத்த சிரிப்பைச் சிரித்தார்கள்.

வெற்றிச்செல்வன் சாப்பாட்டு வேளைக்கு வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். வீட்டிலேயே சவரம் செய்து, கடைக்காரருக்கு ஏற்ற கட்டம்போட்ட லுங்கியும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். காசி அவரிடம் பேசிய விதத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே தீர்த்தகிரிக்கு விஷயம் புரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கங்க."

"அட, நீங்க இன்னாங்க பண்ணுவீங்க?" வெற்றிச்செல்வன் சோற்றைப் பிசைந்தார். "எத்தினி டேக்கு?"

"பத்து."

"பரவால்ல. எனக்கு மொதல் தபா பதினேழு. அப்பறம் எடுத்த சீன வெட்டிட்டானுங்க."

இருவரும் சாப்பிட்டார்கள். அதற்குள் மாதம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நான் கெளம்பறேன். இப்ப விட்டாத்தான் கடைசி ஜீப்ப புடிக்க முடியும். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்தான் மாட்டப் பாத்துக்கறேன்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க."

"இன்னொரு சீன் இருக்குதே. நீ இல்லாம?"

"மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா, டைரக்டரா?" வெற்றிச்செல்வனுக்கும் ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டு அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

தீர்த்தகிரி கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் வெற்றிச்செல்வனிடம் சொன்னார். கேமரா பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும், அந்த ஆள் சிரிக்கவே கூடாது.

வெற்றிச்செல்வன் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். லுங்கியை உதறிக் கட்டினார்.

"நான் வந்து நிக்கறேங்க. இன்னிக்கு எனக்குச் சிரிப்பு வராது."

உள்ளேயிருந்து அருணா கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்து போனார்கள்.