வராத காய்ச்சல்

அவள் அப்போது லேப் டெக்னீஷியன் படிப்பில் இரண்டாம் வருடம். யாருக்கும் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்லத் தெரியாத பிறவி. கடைக்காரர் மெனக்கெட்டு எடுத்துக் காட்டிவிட்டார் என்பதற்காகவே பிடிக்காத செருப்பை வாங்கிக்கொண்டு, கடிபட்ட காலோடு நடப்பாள். காதலிலும் அப்படித்தான் மாட்டினாள் என்று சொன்னால் அது அநியாயம். கல்லூரிப் பேருந்தின் பின்னிருக்கையில் தோள் உரசப் பேசிக்கொண்டு வந்த காலத்தில் கூடப் படித்த, எல்லோரும் நெட்டையன் என்று கூப்பிடும் அந்தப் பையனை அவளுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது.

கொரோனா ஊரடங்கு வந்ததும் காதல் போனுக்குள் குடியேறியது. காலையில் "சாப்டியா", மத்தியானம் "சாப்டியா", ராத்திரியும் அதே "சாப்டியா". அந்தத் தோள் உரசல்தான் பாதிப் பேச்சாக இருந்திருக்கிறது. அது போனதும் மிச்சப் பேச்சில் உப்பும் இல்லை, சப்பும் இல்லை.

கட்டுப்பாடு தளர்ந்ததும் பூங்காவில் சந்தித்தார்கள். அவன் முகக்கவசத்தை இறக்கிவிட்டு ஆசையாகக் கட்டிக்கொண்டான். அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. மறுநாளே, அடுத்து எப்போது என்று போனில் நச்சரித்தான். போதும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எனக்கு பாசிட்டிவ்னு வந்திருக்கு. கொஞ்ச நாள் பாக்க வேணாம்" என்றாள்.

அந்த நேரத்தில் இதைவிடச் சௌகரியமான சாக்கு எங்கே கிடைக்கும்? எல்லாம் தானாக ஆறிப்போகும் என்று நினைத்தாள். நெட்டையன் எவ்வளவு நேர்மையான பிள்ளை என்பதைத்தான் மறந்துபோனாள். அவன் அன்றே வீட்டில் அவளைச் சந்தித்ததையும் அவளுக்குத் தொற்று என்பதையும் சொல்லி, வயிறு நிறையத் திட்டு வாங்கிக்கொண்டு, மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்த வாரமே ஒரு மாலை போன் வந்தது. "அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாம். பக்கத்து வீட்டு அண்ணன் கார்ல கூட்டிட்டுப் போறாரு. நான் கிட்ட வரக் கூடாதுன்னு அம்மா கத்துறாங்க. ஜன்னல்லேருந்து பாத்துட்டு நிக்கிறேன்."

பொய் சொன்னேன், இறங்கி ஓடு என்று சொல்லியிருந்தால் போதும். அவள் நாக்கு புரளவில்லை. "ஒண்ணும் ஆகாது. நீ பத்திரமா இரு" என்றாள்.

தையல்காரரான அந்த அப்பா வீடு திரும்பவில்லை. உயிர் போனது இதயக் கோளாறில்; தொற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மகன் அவரைக் கடைசியாகப் பார்த்தது மாடி ஜன்னலில் இருந்துதான்.

அவள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள். பிறகு ஒருநாள் துணிந்து அவன் வீட்டுக்குப் போனாள். தையல் மெஷின் மேல் யாரோ கொடுத்த சட்டைத் துணி வெட்டியபடியே கிடந்தது. அவன் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ மட்டும் சொல்லலைன்னா இவன் எங்க எல்லாருக்கும் ஒட்ட வச்சிருப்பான். நீ நல்லா இருக்கணும், கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "எனக்கு அப்ப எதுவுமே வரல. உன்னைப் பாக்காம இருக்கத்தான் அப்படிச் சொன்னேன்" என்று கொட்டிவிட்டாள்.

அவன் கத்தவில்லை. மெஷின் மேல் கிடந்த அந்தத் துணியை எடுத்து மடித்து வைத்தான். "அப்பாவைக் கூட்டிட்டுப் போறாங்கன்னு சொன்னேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"



உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அந்தப் பொண்ணைச் சாப்பிடாமப் போக விட்றாதடா!"

"அவளுக்கு நேரமாச்சும்மா, கிளம்பிட்டா" என்றான் நெட்டையன். அவனும் அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.