ஏழு மணிக்கு லொறி நிற்கும்

சென்னையில், கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவுக்குக் காலை ஆறரை மணிக்குப் பால் பாக்கெட் வரும். ஏழு மணிக்கு, அங்கே இரவாகும் நேரம், என் மகன் கனடாவில் லொறியை நிறுத்துவான். இரண்டையும் நான் ஒரே நாற்காலியில் இருந்தபடியே தெரிந்துகொள்வேன். டிவிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது, வீடியோ கேம் விளையாடுகிற பெட்டி. அங்கே அவன் தன் லொறிக்குள் இருக்கும் இதேமாதிரிப் பெட்டியைப் போட்டதும், இங்கே திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் எழும்பும். அதற்குள் ஆங்கிலத்தில் நாலு எழுத்து. வசி என்று அவன் பெயர். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலத்தில் எனக்கு வாசிக்கத் தெரிந்த சொற்கள் இரண்டுதான். ஒன்று இது. மற்றது எனக்கென்று அவன் அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்ட பெயர், அம்மா.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாத லீவில் வந்தபோது அவன்தான் அதைக் கொண்டுவந்து டிவியோடு பூட்டினான். மாடியில் இருக்கும் வீட்டுக்காரரின் மருமகள் கவிதா, சிறுசேரியில் கம்பியூட்டர் வேலை செய்பவள், தங்கள் பிராட்பேண்ட் வயரை ஜன்னல் வழியாக எங்கள் வீட்டுக்கு இறக்கித் தந்தாள். கவிதாவின் போன் இருக்கிறதே, இது என்னத்துக்கு என்று கேட்டேன். "போனில நீங்கள் சாப்பிட்டியோ எண்டு கேப்பியள், நான் ஓம் எண்டுவன். பிறகு ரெண்டு பேரும் சும்மா நிப்பம். விளையாட்டெண்டால் கதைக்காமலும் பக்கத்தில இருக்கலாம்" என்றான். அது உண்மை. போனென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் கதை வராது.

அந்த நாட்டில் இத்தனை மணித்தியாலத்துக்கு மேல் லொறி ஓட்டக்கூடாது என்று சட்டமாம். நேரம் முடிந்ததும் நூறு லொறி நிற்கிற ஒரு பெரிய தரிப்பிடத்தில் கொண்டுபோய் விடுவான். ஆசனத்துக்குப் பின்னால் ஒரு கட்டில், கால்மாட்டில் குட்டி டிவி, அதன் கீழே பெட்டி. நாங்கள் விளையாடுவது கார் ஓட்டப் போட்டி. "பகல் முழுக்க ஓடிப்போட்டு இதிலயும் ஓடுறியே மோனை, அலுக்காதே?" என்று கேட்டேன். "இதில பனி இல்லை, பொலிஸ் இல்லை. நீங்களும் பின்னால வாறியள்" என்றான். அவன் முன்னால் மெதுவாகப் போவான், நான் வளைந்து வளைந்து பின்னால் போவேன். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் பறப்பார்கள். ஒருநாள் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெடியன் ஹெட்செட்டில் என் காதுக்குள்ளேயே கத்தினான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி, நீங்கள் போங்கோ" என்று சொல்லி ஓரமாக ஒதுங்கி நின்றேன். அப்படியும் வந்து இடித்துவிட்டுப் போனான். வசி விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, றேஸில ஒருத்தரும் வழி விடுறேல்லை!"

வழிவிட்டு நடக்கத்தான் எனக்குத் தெரியும். இலங்கையிலிருந்து அகதியாக இங்கே வந்த புதிதில் கடைக்குச் சோப்பு வாங்கப்போய்ச் சவர்க்காரம் என்று கேட்டேன். கடைக்காரர் "இன்னாம்மா அது, மருந்தா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து வாயைத் திறக்காமல் விரலால் காட்டித்தான் வாங்குகிறேன். எட்டு வருடமாகிறது. அங்கே வடமராட்சிக் கரையில் எங்கள் ஒழுங்கையில் நான் வாயாடி என்று பெயர் எடுத்தவள் என்றால் இங்கே யார் நம்புவார்கள்? கோவளத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவரும் செல்வி ஒருத்தியிடம் மட்டும் கொஞ்சம் பேசுவேன். நான் செவுளைத் தூக்கிப் பார்த்த விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. "நீ கரைக்காரி தான ஆயா?" என்று முதல்நாளே கேட்டாள்.

போன தை மாதம் ஒருநாள் ஏழு மணியாகியும் கட்டம் எழும்பவில்லை. எட்டாயிற்று, ஒன்பதாயிற்று. கவிதா தன் செல்போனில் அவன் நம்பரைப் போட்டுப் பார்த்தாள், அடிக்கவே இல்லை. "அங்க பயங்கர ஸ்னோவாம் பாட்டி, நெட்ல போட்டிருக்கான். சிக்னல் இருக்காது. நாளைக்கு வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். கடலுக்குப் போன ஆள் கரை தொடும்வரை வீட்டு விளக்கை அணைக்கக்கூடாது. விடிந்து வெயில் ஏறினாலும் அது எரிந்துகொண்டே இருக்கவேண்டும். வசிக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவன் அப்பா தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் அது. வீடு வீடாகப் போய்ப் போத்தலில் அரைவாசி, கால்வாசி என்று வாங்கி மூன்று நாள் லாம்பை எரித்தேன். நாலாம் நாள் மத்தியானம் திரி கருகித் தானாக அணைந்தது. அவர் வரவே இல்லை. எண்ணெய் இருந்திருந்தால் வந்திருப்பார் என்று நினைக்க நான் பைத்தியக்காரி இல்லை. ஆனால் நினைக்காமல் இருந்த நாளும் இல்லை.

இந்த ஊரில் மண்ணெண்ணெய்க்கு அலையவேண்டாம், சுவரில் கரண்ட் வருகிறது. ஆகவே பெட்டியை நான் அணைக்கவில்லை. தூசு படக்கூடாது என்று ஒரு துவாயை மடித்து அதன் மேல் போட்டுவிட்டு முன்னாலேயே இருந்தேன்.

மறுநாள் காலை செல்வி கதவைத் தட்டினாள். "இன்னா ஆயா, வூட்டுக்குள்ள குந்திகினு கீற? வஞ்சிரம் கீது, பாக்குறியா?"

"வேண்டாம் பிள்ளை. மகன் இன்னும் கரைக்கு வரேல்லை."

"கடல்லயா கீறாரு? லாரி ஓட்றாருன்னு சொன்ன?"

"லொறிதான்."

பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இது ஏன் எரிகிறது என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கூடையை இறக்கிவைத்தாள். "எங்க மாமியாரும் இப்டித்தான், வெளக்காண்ட யாரையும் வுடாது. நல்லா பேஜாரு புடிச்ச பொம்பள." பிறகு என் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தாள். "வெளக்கு எரிஞ்சா போதும் ஆயா, நீ எரியாத. எந்திரி, டீ போட்டுத் தரேன்." மீன் கை மணத்தோடு அவள் போட்டுத் தந்த தேநீரைக் குடித்தேன். அந்த மூன்று நாளில் என் வயிற்றுக்குள் போனது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலை பெட்டி ஒரு பெருமூச்சு விட்டது. திரை கறுத்தது. பெட்டியின் முகத்தில் எப்போதும் பச்சையாக இருக்கும் வெளிச்சம் போய், மூன்று சிவப்பு விளக்குகள் மினுங்கின. 'கவிதா' என்று கூப்பிட்டேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

அவள் ஓடிவந்து பெட்டியைத் தொட்டுக் கையை உதறினாள். "ஐயோ, என்ன பாட்டி இப்படிச் சுடுது! எத்தனை நாளா ஆஃப் பண்ணல? துண்டு வேற போட்டு மூடி வச்சிருக்கீங்க!"

"நானே அணைச்சுப்போட்டன் பிள்ளை" என்றேன். அவள் திட்டவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனி வண்டிக்கு இன்னும் நேரமிருக்கிறது என்றாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. அவள் செல்போன் அடித்தது. பார்த்துவிட்டு என் காதில் வைத்தாள்.

"அம்மா! உங்களுக்கு என்ன நடந்தது?"

"எனக்கென்ன? உனக்கு என்னடா நடந்தது?"

"எனக்கொண்டுமில்லை. பனியில ரோட்டைப் பூட்டிப்போட்டாங்கள், ஒரு சின்ன ஊரில அம்பிட்டுப் போனம். கரண்டும் இல்லை, போனும் இல்லை. இண்டைக்குப் பின்னேரம்தான் திறந்தவங்கள். வந்த உடன பெட்டியைப் போட்டன், உங்கட பேர் இல்லை." மூச்சு வாங்கினான். "நான் போடேக்க ஒருநாளும் உங்கட பேர் இல்லாமல் இருந்ததில்லை அம்மா. ஒரு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். கவிதாவின்ர நம்பரும் போகேல்லை."

"சாப்பிட்டியோ?"

"இல்லை. உங்கட பேர் வரட்டும் எண்டு இருந்தனான்."

லாம்பின் கதையை நான் அவனுக்குச் சொன்னதே இல்லை. பிறகு யார் தொடங்கினோம் என்று தெரியாது, இரண்டு பேரும் சிரித்தோம். அப்படிச் சிரித்து எனக்கு ஞாபகமே இல்லை. கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய் நாலு இட்லி கொண்டுவந்தாள். நான் இங்கே இட்லி சாப்பிட, அவன் அங்கே பேப்பரைச் சரசரவென்று பிரித்து என்னத்தையோ மென்றான். போனை வைக்கவே இல்லை. அன்றுதான் ஒன்று எனக்கு உறைத்தது. கரையில் இருக்கிறவள்தான் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். கடலில் இருக்கிறவன் கரையைத் தேடுவான் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

பெட்டி பிழைக்கவில்லை. தாம்பரத்தில் கொண்டுபோய்க் காட்டினோம், உள்ளே எரிந்துவிட்டது என்றார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு ஊருக்கு வந்த யாரிடமோ வசி புதுப்பெட்டி கொடுத்தனுப்பினான். பழைய பெயரைத் திறக்கும் சங்கேதச் சொல் அவனுக்கும் மறந்துபோயிற்றாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கவிதா எல்லாவற்றையும் புதிதாக எழுதினாள். பெயர் எழுதினாள். பிறந்த வருடம் கேட்டு எழுதினாள். பிறகு திரையில் நீளமாக ஒரு பட்டியல் வந்தது.

"எந்த நாடுன்னு கேக்குது பாட்டி. இந்தியான்னு போடவா?"

நான் பட்டியலையே பார்த்தேன். அவளாகவே கீழே இறக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். "இது ஸ்ரீலங்கா." பிறகு மேலே போனாள். "இல்ல, உங்க பையன் இருக்கிறதால கனடா போட்டுக்கலாமா?" கண்ணுக்கு முன்னால் நாடுகள் மேலும் கீழுமாக ஓடின. அகதியாகப் பதிந்த நாடு, பிறந்த நாடு, பிள்ளையின் நாடு.

"வெறுமனே விட ஏலாதோ பிள்ளை?"

"விட முடியாது பாட்டி. ஏதாவது ஒண்ணு போட்டாத்தான் உள்ள விடும்."

சுவர்க் கடிகாரத்தில் ஏழு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. "எதைப் போட்டால் கெதியா உள்ள விடுமோ அதைப் போடு" என்றேன். "அவன் அங்க பாத்துக்கொண்டு நிப்பான்."

அவள் எதை அமுக்கினாள் என்று நான் பார்க்கவில்லை. திரையின் அடியில் அந்தக் கட்டம் எழும்புகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.