பைபர் படகின் பின்பலகை

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் எங்கள் குப்பம். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, இரண்டு பெண் குழந்தைகள். வாய் மட்டும் ஊருக்கே போதும் என்பார்கள். அந்த வாயால் நான் பேசிய ஒரு பேச்சையும், வாயைத் திறக்காமல் செய்த ஒரு காரியத்தையும்தான் சொல்லப் போகிறேன்.

என் கணவர் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். இது நடப்பதற்கு முந்தின ஐப்பசியில் கரையேறும்போது அலை மரத்தைப் புரட்டிவிட்டது. மரம் வந்து அவருடைய வலது தோளில் இடித்தது. எலும்பு ஒருவழியாகக் கூடியது. ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. துடுப்பு போட முடியாத ஆளை யார் மரத்தில் ஏற்றுவார்கள்? வராதே என்று ஒருவரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. விடியற்காலையில் இவரைக் கூப்பிடாமல் போய்விடுவார்கள், அவ்வளவுதான். இவர் மட்டும் வழக்கம்போல எழுந்து போய்க் கரையில் நிற்பார். கடைசி மரமும் அலையைத் தாண்டிப் போன பிறகு வந்து படுத்துக்கொள்வார். பகலில் மற்றவர்களுடைய கிழிந்த வலையை வாங்கித் தைப்பார். மூன்றே மாதத்தில் பாதி ஆளாகிப் போனார்.

தை மாதம் ஒருநாள் பழவேற்காட்டு ஊருக்குள் போனவர், முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தார். ஊருக்குள் ஒரு பாய் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பழைய பைபர் படகு ஒன்று கிடக்கிறதாம். யாரோ வெளியூர்க்காரர் பறவை பார்க்க வருவதற்காக வாங்கிப் போட்டது. அவர் வருவது நின்று வருஷக்கணக்காகிவிட்டது.

"உள்ள பூரா பாம்புதான் குடியிருக்குது. எடுத்துக்கினு போப்பா. நல்ல நண்டு மாட்டுனா ரெண்டு கொண்டாந்து குடு, போதும்" என்று அந்த பாய் சொல்லிவிட்டாராம்.

"பைபர் படவை வெச்சுக்கினு இன்னா மாமா பண்ணப்போற?" என்று கேட்டேன். என் கணவர் எனக்கு அத்தை மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மாமாதான்.

"அதுல என்ஜின் மாட்லாம்டி. தோளு இன்னாத்துக்கு? நான் குந்திக்கினு திருப்புனா போதும், அது இட்டுக்கினு போவும்" என்றார்.

என்ஜினுக்கும் வழி இருந்தது. என் அண்ணன் ஏரிக்கு அந்தக் கரையில் இருந்தார். அந்த மழைக்காலத்து வெள்ளத்தில் அவருடைய படகு உடைந்துபோய், படகின் பின்னால் மாட்டும் என்ஜின் மட்டும் வீட்டில் சும்மா இருந்தது. "படவு உன்னுது, என்ஜின் என்னுது. ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம் மாப்ளே" என்று அண்ணனும் சொல்லிவிட்டார். அன்றைக்கு என் கணவர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

படகைக் கொண்டுவந்து கரையில் போட்ட பிறகுதான் அதன் லட்சணம் தெரிந்தது. வெளியே பார்த்தால் வெள்ளை வெளேரென்று வழவழவென்று இருந்தது. உள்ளே தளத்துக்கு அடியில் நீளவாக்கில் கொடுத்திருந்த மரமும், என்ஜின் மாட்டுகிற பின்பலகையும் முழுக்க இற்றுப் போயிருந்தன. பைபர் தோலுக்குள்ளே தண்ணீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் வருஷக்கணக்கில் மரத்தை ஊறவைத்திருக்கிறது. கையை விட்டால் டீயில் ஊறின ரஸ்க் மாதிரி பிய்ந்து வந்தது. நாற்றம் குடலைப் புரட்டியது.

அதையெல்லாம் அவர் ஒற்றைக் கையாலேயே சுரண்டி எடுத்தார். உளி, கரண்டி, கடைசியில் என்னுடைய தேங்காய்த் துருவி வரைக்கும் போனது. பழைய பைபரைத் தேய்க்கும்போது பறக்கிற தூசி உடம்பில் பட்டால் அப்படியொரு அரிப்பு. அது பாய், தலையணை, பிள்ளைகளின் பாவாடை என்று எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. வீட்டில் நான்கு பேரும் குரங்குக் குடும்பம்போலச் சொறிந்துகொண்டே தூங்கினோம். நான் திட்டினேன். திட்டிக்கொண்டே அவர் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்.

காசிமேட்டுப் பக்கம் பைபர் வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரைத் தேடிப் பிடித்து ஒருநாள் அழைத்துவந்தார். மேஸ்திரி தளத்து மரத்தைத் தானே வைத்து ஒட்டிக் காட்டினார். ரெசின் என்கிற பசையில், அது இறுகுவதற்கான மருந்தை எவ்வளவு கலப்பது, கண்ணாடி நூல் துணியை எப்படி அடுக்கடுக்காக வைத்து நனைப்பது என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். ரெசின் தீர்ந்துவிட்டதால் பின்பலகை வேலையை மட்டும் என் கணவரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார். போகும்போது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஈரம் மட்டும் ஆகாதுப்பா. பலகை எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் போச்சு."

சோறு பரிமாறிக்கொண்டிருந்த நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டேன்.

பின்பலகைக்கு மூன்று விரல் கனத்தில் வேங்கைப் பலகை ஒன்றை வாங்கி, அளவாக அறுத்து, இழைத்து வாசலில் காயப் போட்டிருந்தார். ரெசின் வாங்க அவர் மெட்ராஸுக்குப் போனார். இரண்டு நாள் ஆகும் என்றிருந்தார். அவர் போன அன்றைக்கே, சித்திரை மாசத்தில், எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து தூறல் போட்டது. நான் ஓடிப்போய்ப் பலகையை வீட்டுக்குள் இழுத்துப் போடுவதற்குள் மேலெல்லாம் பொட்டுப் பொட்டாக நனைந்துவிட்டது. அவருடைய உயிரே அந்தப் பலகையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் நல்ல வெயில். பலகையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்தேன். காய்ந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊர்க் காற்றே உப்பு ஈரம். மறுபடி தூறினால் என்ன செய்வது என்று மனசு அடித்துக்கொண்டது. ஏரியில் ஓடுகிற மரப்படகுக்கெல்லாம் நாங்கள் சுறா ஈரலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைத்தான் பூசுவோம். எண்ணெய் குடித்த மரத்தில் தண்ணீர் ஏறாது. எங்கள் ஊரில் இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். வீட்டில் ஒரு குடுவை நிறைய எண்ணெய் இருந்தது. துணியில் தொட்டுத் தொட்டு, பலகையின் இரண்டு பக்கமும், நாலு ஓரமும், மூன்று தடவை பூசினேன். ஒவ்வொரு பூச்சையும் பலகை உறிஞ்சிக்கொண்டது. எனக்கு அப்படியொரு திருப்தி.

மறுநாள் மத்தியானம் அவர் வந்தார். வெயிலில் ரெசின் கெட்டுவிடும் என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் வேலையைத் தொடங்கினார்.

"பலகை காஞ்சிச்சா?" என்று கேட்டார்.

"எலும்பு மாதிரி காஞ்சிருக்குது" என்றேன்.

எண்ணெய் பூசியதை நான் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. படகு ஓட ஆரம்பித்த பிறகு, "என் கைவேலையும் அதுல கீது மாமா" என்று பீற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் வாளி முதல் தலைமயிர் வரை மீன் எண்ணெய் வாசனைதான். பலகையில் தனியாக அவருக்கு என்ன தெரியப்போகிறது?

படகு அழகாக வந்தது. அண்ணன் என்ஜினைக் கொண்டுவந்து மாட்டினார். நாலு நாள் ஏரியிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். "நைனா ஓட்றாரு, நைனா ஓட்றாரு" என்று பிள்ளைகள் கரையோரமாக ஓடின. அவரும் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்தது அந்த நாலு நாள்தான். அதற்குப் பிறகும் கிடையாது.

ஐந்தாம் நாள் காலையில் இருவரும் கடலுக்குக் கிளம்பினார்கள். அந்த வருஷம் முகத்துவாரம் மண் மூடாமல் திறந்தே இருந்தது. நானும் நாலைந்து பெண்களும் வேடிக்கை பார்க்கப் போய் நின்றோம். முதல் அலையை ஏறி இறங்கினார்கள். இரண்டாவது அலை கொஞ்சம் பெரியது. அதைத் தாண்ட என் கணவர் என்ஜினை முழுக்க முறுக்கினார். படகு மூக்கைத் தூக்கியது. டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், என்ஜின் ஓசை நின்றுவிட்டது. பார்த்தால் படகுக்குப் பின்பக்கமே இல்லை. என்ஜின் பலகையோடு பிய்ந்துகொண்டு போய்விட்டது. அடுத்த அலை அந்த ஓட்டை வழியாகப் புகுந்து படகைக் கவிழ்த்தது.

அண்ணன் நீந்தி வந்து இவருடைய தலைமயிரைப் பிடித்து இழுக்காவிட்டால், ஒரு கையை வைத்துக்கொண்டு இவர் கரை சேர்ந்திருக்க மாட்டார். உயிரோடு வந்தார்கள். என்ஜின் போனது போனதுதான். இரண்டு நாள் ஆட்கள் முங்கிப் பார்த்தார்கள். முகத்துவாரத்து மணல் எதையும் திருப்பித் தருவதில்லை.

அண்ணன் குப்பத்தாரை வைத்துக்கொண்டே கத்தினார். "ஒரு பலகைய ஒழுங்கா ஒட்டத் தெரில, உனக்கு இன்னாத்துக்கு மாப்ளே கடலு? உன்ன நம்பி என் பொழப்பையே குடுத்தேனே!"

அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. நான் செய்ததைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அவரோடு நானும் சேர்ந்துகொண்டேன். அண்ணன் பிழைப்பு போச்சே, ஊர் முன்னால் மானம் போச்சே என்ற ஆத்திரத்தில், "கைதான் போச்சுன்னு பார்த்தா, மூளையுமா போச்சு மாமா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். ஊரே கேட்டது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாம் நாள், என்ஜின் கழன்று விழுந்த அந்தப் பலகை மட்டும் மணல்திட்டில் ஒதுங்கியது. அவர் தனியாகப் போய் எடுத்துவந்தார். யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கோடாலியால் துண்டு துண்டாகப் பிளந்தார். அடுப்பங்கரைப் பக்கமே வராத மனிதர், அன்றைக்கு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக உள்ளே தள்ளினார். கடைசித் துண்டு எரிந்து தீரும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கோபத்தில் செய்கிறார் என்று நினைத்து நான் அந்த நெருப்பிலேயே குழம்பு வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் கடல் பக்கம் திரும்பவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனார். இடது தோளில் கல் சுமந்தார். சனிக்கிழமை வருவார், திங்கள்கிழமை போவார். வீட்டில் இருக்கும்போதும் கரையில் போய் நிற்பதில்லை. என் அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கரைக்கு இழுத்துப் போட்டிருந்த எங்கள் படகின் வெறும் கூட்டில் ஊர்ப் பெண்கள் மீனுக்கு உப்புப் போட்டு வைத்தார்கள்.

மூன்று வருஷம் போயிருக்கும். எங்கள் குப்பத்திலும் ஒன்றிரண்டு பைபர் படகுகள் வந்திருந்தன. அதில் ஒன்றைச் சரிபண்ண அதே மேஸ்திரி வந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, மனசில் எந்தச் சந்தேகமும் இல்லாமல், பேச்சுவாக்கில்தான் கேட்டேன்.

"ஏன் மேஸ்திரி, நீங்க ஈரத்துக்கு இவ்ளோ பயப்படறீங்களே, பலகைக்கு மீன் எண்ணெ பூசிட்டு ஒட்னா இன்னா?"

அவர் சிரித்துவிட்டார். "இன்னாம்மா நீ, தோசக்கல்லுல எண்ணெ எதுக்குத் தடவுற? ஒட்டாம இருக்கத்தானே? ஈரப் பலகையாவது கொஞ்சம் ஒட்டும். எண்ணெப் பலகைல ரெசின் சுத்தமா ஒட்டாது. சும்மா மேல சட்டை மாதிரி நிக்கும்."

தினமும் தோசை வார்க்கிறவள் நான். டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை அவர் வந்து கைகால் கழுவியதும் சொல்லிவிட்டேன். மூன்று பூச்சு பூசியதை, சொல்லாமல் வைத்திருந்ததை, மேஸ்திரி சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"பலகைய எடுத்தப்போ பார்த்தேன். ஒரு நூலுகூட ஒட்டல. மோந்தேன். நம்ம ஊட்டு எண்ணெ."

"அப்போ ஏன் மாமா சொல்லல? நான் அவ்ளோ பேசினேனே, அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ஜின் வந்துருமா? உங்க அண்ணன் ஊட்டு வாசப்படி உனக்கு இல்லாமப் போயிருக்கும். எனக்குத்தான் கடல் இல்ல, உனக்கு அண்ணனாவது இருக்கட்டும்னு உட்டேன்." துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "சோறு போடு, பசிக்குது" என்றார். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அண்ணன் இவரைப் பார்க்க வந்தார், பேசினார், கையைப் பிடித்துக்கொண்டார். எதுவும் மாறவில்லை. அதற்குள் இவருக்கு இடது தோளும் தேய்ந்துவிட்டது. ஊரில், பலகை ஒட்டத் தெரியாத ஆள் என்று அவருக்கு விழுந்த பெயர் அவர் போய்ச் சேரும் வரைக்கும் நின்றது. நான் ஒவ்வொருவரிடமாகச் சொன்னேன். புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார்கள்.

அவர் என்னை ஒருநாள் அடித்திருக்கலாம். திட்டியாவது இருக்கலாம். எனக்கு அழக்கூட ஒரு காரணம் கொடுக்காமல், தன் கையாலேயே பலகையை எரித்து என்னைக் காப்பாற்றிவிட்டார். இப்போதெல்லாம் என் மகள்களின் வீட்டில் ஒரு துணியை மடித்து வைப்பதானாலும், "செய்யட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைக்கிறேன். என்னம்மா இதுக்குப் போய் என்று அவர்கள் சிரிக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு அவரிடம் கேட்டிருந்தால், என் வீட்டுக்காரர் சாகும்போது கடல்காரராகவே செத்திருப்பார்.