பக்கவாட்டில் நின்று பார்த்தால்

சூலியா தெருவுக்கு அருகிலுள்ள கடையில் இன்று தொலைக்காட்சி வாங்கப் போனேன். திரையின் அளவு, உட்காரும் தூரம், உத்தரவாதம் என்று தாளில் எழுதிக்கொண்டு போன கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். கடைசியில் பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்த்தேன். படம் வெளுத்துத் தெரிந்தது.

"அண்ணே, வீட்ல யாரு ஓரமா நின்னு பார்க்கப் போறா? நேரா உட்காருங்க லா," என்று விற்பனையாளர் சிரித்தார்.

சிறுவயதில், அப்பா வேலை பார்த்த பைராம் தோட்டத்தில் நான் ஓரமாக நின்றுதான் பார்த்தேன். அங்கே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீட்டில் மட்டுமே தொலைக்காட்சி இருந்தது. "அடுத்தவன் ஜன்னல்ல எட்டிப் பார்த்தே, காலை உடைச்சிடுவேன்," என்பார் அப்பா. சனிக்கிழமை மாலை, ஓவர்டைம் என்று சொல்லி அவர் கிளம்பியதும், நான் கிராணி வீட்டு இடப்பக்க ஜன்னலுக்கு ஓடுவேன். கம்பியின் துரு வாசம் மூக்கில் ஏறும்.

ஒருநாள் படத்தின் நடுவில் தற்செயலாக நிமிர்ந்தேன். எதிர் ஜன்னலில் அப்பாவின் முகம். வாய் சற்றுத் திறந்திருந்தது. திரையின் வெளிச்சம் கன்னத்தில் ஆடியது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.

வீட்டில் அடிக்காகக் காத்திருந்தேன். அப்பா கைகால் கழுவினார், சாப்பிட்டார். அம்மா அடுப்படிக்குப் போனதும் மெதுவாகச் சொன்னார்: "உன் பக்கம் விளக்கு வெளிச்சம் கூசும்டா. அடுத்த வாரம் என் பக்கம் வா."

"என்னண்ணே, இதையே எடுத்துக்கிறீங்களா?" என்றார் விற்பனையாளர்.

"ரெண்டு ஓரத்துலயும் தெளிவா தெரியிறது ஒண்ணு காட்டுங்க தம்பி," என்றேன்.