மணிக்கு எத்தனை தடவை

உசிலம்பட்டி அருகே ஓர் ஆலையின் பம்ப் ஹவுஸ், ஊரைவிட்டுத் தள்ளி இருந்தது. மோட்டாரை மெல்லக் கிளப்பும் பழைய சாஃப்ட் ஸ்டார்ட்டரை மாற்ற மோட்டார் விவரம் எடுக்கப் போனேன். ஆபரேட்டர் ஒருவர் மட்டும் இருந்தார். 'மணிக்கு எத்தனை தடவை ஸ்டார்ட் செய்வது' என்று படிவத்தில் இருந்த கட்டத்தில், அவரைக் கேட்காமலே 'ஒன்று' என்று எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டு, டீ போடப் போனார். அவர் நீட்டிய டீயையும் வாங்காமல் பஸ் பிடித்தேன்.

மணிக்கு ஒரு தடவை என்ற என் விவரத்தை நம்பி வாங்கிய புது ஸ்டார்ட்டர் அடிக்கடி சூடாகி நின்றது. திரும்பப் போனேன்.

"கெணத்துல ஊத்து கம்மி சார். மணிக்குப் பத்துத் தடவ நிறுத்திப் போடணும்."

"அன்னைக்கே சொல்லக்கூடாதாண்ணே?"

"சொல்லியிருந்தா மறுக்கா வந்திருப்பீங்களா?"

இந்த முறை அவர் தந்த டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று இரண்டு பஸ்களை விட்டேன். தல்லாகுளத்தில் நான் தனியே தங்கும் அறையிலும் எனக்கு நானேதான் டீ போட்டுக்கொள்கிறேன்.