இடிக்குப் பிடுங்கிய பிளக்

செம்பனை எண்ணெய் ஆலையின் முன்வாசல் வரிசையில், குலை ஏற்றிவந்த டிரைவர் அண்ணனின் லோரி நின்றது. அன்று மாலை ரவாங் ஸ்டேஷனில் ரயிலேறி அவர் மகள் வடக்கே பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். வீட்டைவிட்டுப் போவது அதுதான் முதல் தடவை. குலைகளைக் கொட்டிவிட்டு வந்து தானே ரயிலேற்றிவிடுவதாக அண்ணன் சொல்லியிருந்தார். ஆலையின் கணினிகளைக் கட்டி மேய்ப்பது என் வேலை. அன்றைக்கென்று பார்த்து அவை கழுத்தறுத்தன.

லோரிகளை எடை போட முன்வாசலில் ஒரு டிம்பாங், பின்வாசலில் ஒன்று. இரண்டின் கணினிகளும் ஆபீஸ் சர்வரில் இருக்கும் ஒரே கோப்பில்தான் எழுதும். ஒன்று எழுதும்போது கோப்பைப் பூட்டிக்கொள்ளும். அது திறந்துவிடும்வரை மற்றது காத்திருக்கும். முன்வாசல் கணினி காத்துக்கொண்டே இருந்தது. எடைச்சீட்டு இல்லாமல் லோரியை உள்ளே விடமாட்டார்கள். முன்னும் பின்னும் லோரிகள், அண்ணனுக்கு வெளியேறவும் வழியில்லை.

பூட்டு பின்வாசல் கணினியின் பெயரில் இருந்தது. அதுவோ பேச்சு மூச்சில்லை. பூட்டை நானே உடைக்கலாம். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்க, நெட்வொர்க் லைன் மட்டும் போயிருந்தால்? லைன் திரும்பியதும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று எழுதி, அன்றைய பதிவெல்லாம் கூழாகிவிடும். பின்வாசலில் எடை பதியும் கிராணிப் பெண்ணுக்குப் போன் அடித்தேன். அணைத்து வைத்திருந்தாள்.

அண்ணன் மழையில் நனைந்தபடி ஆபீஸ் கண்ணாடியைத் தட்டினார். "இன்னும் எவ்ளோ நேரம் லா?"

"இருங்கண்ணே, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் பறந்தேன்.

அறை இருட்டாக இருந்தது. கிராணிப் பெண் கால்களை நாற்காலிமேல் மடக்கி உட்கார்ந்திருந்தாள். கணினியின் பிளக் தரையில் கிடந்தது.

"இடி இடிச்சிச்சுக்கா. பிடுங்கிட்டேன். போனையும் ஆஃப் பண்ணிட்டேன்."

திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்த எங்கள் எல்லாருக்கும் இதே பழக்கம்தான். இடி கேட்டால் கை தானாகப் பிளக்குக்குப் போகும். என் வீட்டில் இன்றும் அப்படித்தான். சர்வருக்கு இது எங்கே தெரியும்? இந்தக் கணினி பாதியில் செத்ததே அதற்குத் தெரியாது. இது மறுபடி எழுந்து, "நான் நடுவில் விழுந்துவிட்டேன்" என்று சொன்னால்தான் பூட்டை எடுக்கும். அதுவரை செத்தவனுக்காகக் கதவை அடைத்து வைத்திருக்கும்.

பிளக்கைச் செருகினேன். கணினி ஆடி அசைந்து எழுந்தது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒருவழியாகப் பூட்டு போனது.

முன்வாசலுக்குத் திரும்பியபோது லோரிகள் நகர்ந்துகொண்டிருந்தன. அண்ணனின் லோரி டிம்பாங்மேல் நின்றது. ரயில் நேரம் கடந்துவிட்டது. அண்ணன் போனைக் காதில் வைத்து, "ஏறிட்டியாம்மா? ஜன்னல் சீட்டா? பேக்கை யாரு தூக்கி வச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எடைச்சீட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"உன்மேல கோவம் இல்ல லா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.