பால்மரத்தில் கட்டிய படகு

நாற்காலி செய்கிறவன் தப்பு செய்தால் உட்கார்ந்தவன் கீழே விழுவான். படகு செய்கிறவன் தப்பு செய்தால் உட்கார்ந்தவனையே தேட வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட தொழிலில் தொண்ணூறுகளில் போய் மாட்டிக்கொண்டேன். ஏதோ ஒரு முதலாளியின் கனவைத் தலையில் சுமந்து, சாயங்காலம் முதுகைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் என் சக துக்கவாசிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொய் கொஞ்சம் கலந்திருக்கும். அலுப்பு மட்டும் அசல்.

விறகுக்கு வந்த வாழ்வு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரங்களுக்கு வயதாகிவிட்டது. எங்களுக்கும்தான். பால் நின்றுபோன மரத்தை வெட்டிச் சாய்த்துக் கொளுத்திவிடுவார்கள். பால் வெட்டியவனைக் கொளுத்த முடியாதே, பக்கத்திலுள்ள செங் தொழிற்பேட்டைக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். அங்கே எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே வேலை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து முகத்தைப் பார்ப்பானாம். மரத்தடியில் குந்திப் பழகிய எங்களுக்கு இதைக் கேட்டதுமே முட்டி வலித்தது.

அப்போதுதான் சீன முதலாளியான லிம் தவுக்கே, நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தார். கடலோர ஊரான உம்பாயில் படகுப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை நடத்தியவர் என்பதால், தவுக்கே எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். "காட்டு மரம் இப்ப கிடைக்கிறதில்ல. கிடைச்சாலும் வெள்ளைக்காரன் எந்தக் காட்டை அழிச்சேன்னு கேக்குறான். நீங்க கொளுத்தப் போற பால்மரத்த மெல்லிசா அறுத்து, மருந்துல ஊற வெச்சு, பசை போட்டு ஒட்டி, பாய்மரப் படகு கட்டப் போறேன்" என்றார். யான் என்று ஒரு டச்சுக்காரர் ஆர்டர் கொடுத்திருந்தாராம். அந்தப் படகு கடலில் ஒரு வருஷம் தாங்கினால் அவருடைய கூட்டாளிகளும் ஆர்டர் கொடுப்பார்கள், தவுக்கே கூப்பிட்ட எங்கள் ஆறு பேருக்கும் ஆயுசுக்கும் வேலை. தாங்காவிட்டால் இருக்கவே இருக்கிறது செங் பஸ்.

எங்களில் மூத்தவர் குப்புசாமி அண்ணன். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். அந்த வேலை போயும் அந்தக் குரல் போகவில்லை. வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "பால்மரத்துல படகு கட்டுனா, போற வழியில மீனுங்ககிட்ட விறகு வேணுமா விறகுன்னு கேட்டுக்கிட்டே போலாம், தவுக்கே."

மாசி மகத்துக்குப் போய் வந்தோம்

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பால்மரம் வெட்டிய பிறகும் மனிதனைச் சும்மா விடாது என்று. வெட்டிய கையோடு அறுத்து மருந்துத் தொட்டியில் போட வேண்டும். நாள் தள்ளினால் பூஞ்சை பிடித்து நீலம் பூத்துவிடும். வலு குறையாது, அழகு போய்விடும். தவுக்கே இதைக் காலையிலும் மாலையிலும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் தலையாட்டினோம். மரத்தைச் சாய்த்து முடித்த அன்றைக்கு குப்புசாமி அண்ணனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மாசி மகம். அவருக்குக் காவடி நேர்த்திக்கடன். எங்கள் தோட்டத்தில் ஒருவர் காவடி எடுத்தால் அடுப்பைக்கூட அணைத்துவிட்டு எல்லாரும் பின்னால் போவோம். போனோம். திருவிழா முடிந்தும் உடம்பு வலி முடியாததால் இன்னும் கொஞ்ச நாள் படுத்தோம்.

திரும்பி வந்தால் மரமெல்லாம் நீலம். சாதாரண நீலமா? நீலகண்டன் வந்து தடவிவிட்டுப் போன மாதிரி! மழைக்கு முந்தி வானத்தில் ஓடுகிற கோடுகள் அத்தனையும் பலகையில் ஓடின. தவுக்கே எங்கள் ஆறு பேரின் பரம்பரையையும் தமிழில் விசாரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து யான் வந்து இறங்கினார். நெட்டையான மனிதர், வெயிலில் வெந்த முகம். பலகையைத் தடவினார். நக்கிப் பார்த்தார் என்றும் சொல்வேன், நீங்கள் நம்ப மாட்டீர்கள். பெயிண்ட் இல்லாமலே கடல் நிறம் வந்திருக்கிறதே, படகு முழுக்க இதே மரம்தான் வேண்டும் என்று குதித்தார். அவர் கார் போகும்வரை சிரித்த முகமாக நின்றுவிட்டு தவுக்கே எங்கள் பக்கம் திரும்பினார்: "கேட்டீங்களா, இனிமே மாசாமாசம் மாசி மகம் வைங்கடா!"

புழு கொடுத்த சர்டிபிகேட்

கடலில் மரம் தின்னும் புழு ஒன்று உண்டு. மரத்துக்குள்ளே பதுங்கி இருந்து படகையே சல்லடை ஆக்கிவிடும். பால்மரம் என்றால் அதற்கு அல்வா. ஆகவே தவுக்கே ஒரு சோதனை வைத்தார். வெறும் பால்மரத் துண்டு ஒன்று, மருந்தில் ஊறிப் பசை பூசி ஒட்டிய துண்டு ஒன்று. இரண்டையும் உம்பாய் படகுத்துறைக் கம்பத்தில் கயிறு கட்டித் தண்ணீருக்குள் இறக்கினோம்.

சில மாதம் கழித்து இழுத்துப் பார்த்தோம். வெறும் துண்டு கட்டிய கயிற்றில் முடிச்சு மட்டும் வந்தது. முடிச்சையும் கொஞ்சம் கடித்துப் பார்த்திருந்தது என்பது என் கட்சி. பசை பூசிய துண்டு அப்படியே இருந்தது, மேலே சிப்பி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. செங் பஸ் ஒரு ஸ்டாப் தள்ளிப் போன மாதிரி இருந்தது. துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த பாக் டின், அந்தப் பக்கத்து மலாய்க்கார மீனவர், துண்டை வாங்கி மோந்து பார்த்துவிட்டு மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "புழுவே வேணாம்னு விட்ட மரத்தில நான் என் குடும்பத்த ஏத்த மாட்டேன்லா, ஏதோ விஷயம் இல்லாமலா அது விட்டிருக்கும்?"

சூரியனில் ஓடும் மிளகாய்

ஒட்டுகிற வேலை ஒரு வருஷம். பலகை மேல் பலகை, பசை மேல் பசை, அப்புறம் தேய்ப்பு. தேய்த்தோம், தேய்த்தோம், எங்கள் கைரேகை போகும்வரை தேய்த்தோம். எங்கள் மூக்கில் போன தூளைச் சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு குட்டிச் சம்பான் படகு கட்டியிருக்கலாம். இந்த லட்சணத்தில் யான் புதிதாக ஒன்று கேட்டார். காற்று இல்லாதபோது ஓட ஒரு சின்ன மோட்டார், ஆனால் டீசல் கூடாது, சூரிய வெளிச்சத்தில் ஓட வேண்டும். பளபளவென்று கறுப்புப் பலகைகள் வந்தன. படகின் கூரையில் வெயில் பார்க்கச் சாய்த்துப் பூட்டினோம்.

ஒரு வாரமாகியும் பேட்டரியில் சக்தி ஏறவே இல்லை. யான் மீட்டர் வைத்துப் பார்த்தார், ஒயரை மாற்றினார், அனுப்பிய கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். கடைசியில் ஒரு மத்தியானம் ஏணி வைத்துக் கூரை மேல் ஏறினார். கறுப்புப் பலகை தெரியவே இல்லை. மேலே முழுக்க மோர் மிளகாய். குப்புசாமி அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி மாரியாயி அக்கா, பட்டறையிலேயே சுத்தமான, சூடான, கோழி ஏறாத இடம் அதுதான் என்று கண்டுபிடித்து, தினமும் காலையில் பரப்பி, யான் வருவதற்கு முன்னால் அள்ளிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அள்ள மறந்துவிட்டார். தவுக்கே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரு மிளகாயை ஒடித்துப் பார்த்தார், டக்கென்று ஒடிந்தது. "சாமான் வேல செய்யலன்னு யாருலா சொன்னது, இங்க பாருங்க எப்படி காஞ்சிருக்கு!"

பார்க்க வந்தவர்கள்

காட்டை அழிக்காத படகு என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. வாரத்துக்கு ஒரு கூட்டம் வரும். கழுத்தில் கேமரா, கையில் இளநீர். படகோடு நின்று படம் எடுப்பார்கள், படகின் நீலத்தைப் பாராட்டுவார்கள், கிளேபாங் சாப்பாட்டுக் கடைகளில் எது நன்றாக இருக்கும் என்று எங்களிடம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகு மறுபடி தேய்ப்பு. ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு படித்த அம்மா, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, இந்தப் படகால் எத்தனை மரத்தைக் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்று குப்புசாமி அண்ணனைக் கேட்டார். அண்ணன் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார். "மரத்த அப்புறம் எண்ணலாம்மா, இந்தப் படகு ஓடுனா ஆறு குடும்பம், மொதல்ல அத எழுதிக்குங்க."

உடையாத தேங்காய்

படகைக் கடலில் இறக்கும் நாள் வந்தது. யான் ஷாம்பெயின் பாட்டில் கொண்டு வந்திருந்தார். படகின் மூக்கில் உடைப்பது அவர்கள் வழக்கமாம். அண்ணன் பாட்டிலை வாங்கி, பாதியை முனியாண்டி சாமிக்குச் சுருட்டோடு வைத்துவிட்டு, மீதியைப் பத்திரப்படுத்தினார். புது லாரி வாங்கினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போமில்லையா, படகுக்கு டயர் இல்லை. அதைத் தாங்கி நின்ற வண்டிக்கு நான்கு சக்கரம் இருந்ததால் சமாளித்தோம். கற்பூரம் காட்டினோம். அடுத்து தேங்காய். அதைக் கல்லில் உடைத்திருக்கலாம். ஆனால் மூக்கில் உடைப்பது வெள்ளைக்காரன் வழக்கம் என்றால் நாம் என்ன குறைச்சல் என்று அண்ணன் நினைத்துவிட்டார். தேங்காயை இரண்டு கையாலும் தூக்கி, தண்ணீர் தொடும் இடமாகப் பார்த்து, படகின் மூக்கில் ஓங்கி அடித்தார்.

தேங்காய் உடையவில்லை, படகு உடைந்தது. பசைப் பூச்சு பெயர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெறும் மரம் தெரிந்தது, புழுவுக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. ஒரு வருஷ உழைப்பு, ஆறு பேர் பிழைப்பு, எல்லாம் அந்தப் பொக்கையில் வந்து நின்றது. கடல் தண்ணீர் கரைவரை ஏறி நின்றது, வடிந்துவிட்டால் அன்றைக்கு இறக்க முடியாது, யானோ அந்தப் பக்கம் கைதட்டிக்கொண்டிருந்தார். தவுக்கே சீக்கிரம் இறுகும் பசையைக் கலக்கினார், கெட்டிப்படுத்தத் தூள் தேடினால் இல்லை. தட்டிலிருந்த விபூதி முழுவதையும் அண்ணன் அதில் கொட்டிக் குழைத்து அப்பினார். வெயில் அதை இறுக்கியது. நீலப் படகு நெற்றியில் திருநீறோடு கடலில் இறங்கியது, லேசாகக் கூட சாயவில்லை. யான் கை அசைத்துக்கொண்டே வடக்கே போனார். உடையாத தேங்காயைக் கையில் உருட்டிக்கொண்டு தவுக்கே கேட்டார்: "மண்டோர், அடுத்த படகத் தேங்காயிலயே கட்டிடுவோமா?"

ஒரு வருஷம் கழித்து

அந்த ஒரு வருஷம் மீனவர்களின் ஓட்டைப் படகுகளை ஒட்டிக்கொண்டு கிடந்தோம். மழை பெய்தால் அண்ணன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணுக்கு அந்த விபூதி கரைந்துகொண்டே இருக்கும்.

கரையவில்லை. ஒரு காலையில் நீலப் படகு உம்பாய்க்குத் திரும்பி வந்தது. கரையேற்றித் தட்டிப் பார்த்தோம். கோயில் மணி மாதிரி இருந்தது சத்தம். அண்ணன் அப்பிய இடத்தில் தவுக்கே சுத்தியலால் ஒரு போடு போட்டார், சுத்தியல்தான் திரும்பி வந்தது. யான் கூட்டாளிகளின் ஆர்டர்களைக் கை நிறையக் கொண்டு வந்திருந்தார். எல்லாம் பால்மரம், எல்லாம் நீலம். அண்ணன் அழுதார். நான் அழவில்லை, மரத்தூள்.

மறுநாளே தவுக்கே எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு மரம் பார்க்கத் தோட்டத்துக்குப் போனார். தோட்டம் இல்லை. செம்மண் மட்டும் கிடந்தது, தாமான் குடியிருப்பு வரப்போகிறது என்று வீடுகளின் படம் போட்ட பலகையோடு. அடுத்த தோட்டம் போனோம், செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள். அதற்கடுத்த தோட்டத்தில் பால்மரம் நின்றது, ஆனால் சாய்ப்பதற்கு முன்பே நாற்காலி செய்யும் கம்பெனிகள் பேசி முடித்துவிட்டன. பொழுது சாயும்வரை சுற்றினோம். பிறகு தவுக்கே ஃபைபர் படகுக்கு மாறினார். யானின் கூட்டாளிகள் ஃபைபர் தங்கள் ஊரிலேயே கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஃபைபர் சம்பானை அச்சில் வார்த்து எடுக்க இரண்டு பேர் போதும். வயதில் சின்னவர்கள் இருவரை தவுக்கே வைத்துக்கொண்டார். மற்ற நாலு பேரான எங்களிடம் வேலை இல்லை என்று சொல்ல முடியாமல், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு வாங்கிக் கொடுத்தார். முதல்நாள் செங் பஸ்ஸில், நிற்கக்கூட இடமில்லாத கூட்டத்தில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே குப்புசாமி அண்ணன் என் காதில் கேட்டார்: "படகு நல்லா ஓடுச்சுனா வேலை இருக்கும்னாங்க, ஓடிருச்சுடா, அப்புறம் நாம எதுக்குலா இங்க நிக்கிறோம்?"

கடலில் பிழைக்கிற படகைக் கட்டத் தெரிந்த எங்களுக்கு, கரையில் பிழைக்கிற வித்தைதான் கடைசிவரை கைகூடவில்லை.